செல்லமுத்துவின் முப்பது சென்ட்

ஒரு புதன்கிழமை மூன்றாம் பாடவேளையில் செல்லமுத்து நிலச்சொந்தக்காரர் ஆனார். அந்த நேரத்தில் அவர் தனசேகரனின் கழனியில் குனிந்து கரும்பு வெட்டிக்கொண்டிருந்ததால் விஷயம் அவருக்குத் தெரியாது. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. டிராக்டர் வரப்போரம் உறுமிக்கொண்டு நின்றது. காய்ந்த கரும்பிலைச் சோகை வழக்கம்போல் கழுத்தை அறுத்தது. மூன்று தலைமுறையாக ஊரார் நிலத்தில் நட்டும் வெட்டியும் வந்த குடும்பத்துக்கு முதன்முதலாக நிலம் கிடைத்த வேளையில், அந்தக் குடும்பத்தின் தலைவர் "ஏய் செல்லமுத்து, அடிக்கட்டையோட ஒட்ட வெட்டுய்யா, சர்க்கரையெல்லாம் அங்கதான் கீது" என்று திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மகள் தேவிப்ரியா சொன்னாள்.

"ப்பா, எனக்கு நெலம் வந்திருக்குது."

செல்லமுத்து கால் கழுவிக்கொண்டிருந்தார். சொம்பு அப்படியே நின்றது. "யாரு குடுத்தாங்க?"

"சாரு. சீட்டு குலுக்கிப் போட்டாரு. நாப்பது பேருக்கும் குடுத்தாரு. எனக்குப் பதினேழாம் நம்பரு, ஆத்தோரம்."

"எத்தினி சென்ட்டு?"

"முப்பது."

அடுப்படியிலிருந்து அவர் மனைவி சின்னப்பொண்ணு எட்டிப் பார்த்தாள். "கம்பியூட்டர்ல குடுத்துருக்காங்கய்யா. வெளயாட்டு நெலம். நீ பாட்டுக்கு மம்மட்டியத் தூக்கிக்கினு கெளம்பிடாத."

செல்லமுத்து மம்மட்டியைத் தூக்கவில்லை. ஆனால் அடுத்த கேள்வியைக் கேட்டார். "தண்ணி பாயுமா?"

வடமணல்பட்டு அரசு உயர்நிலைப் பள்ளியில் கணினி சொல்லிக்கொடுக்க வந்தவர் இளஞ்செழியன். கள்ளக்குறிச்சியிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிற இளைஞர். ஒன்பதாம் வகுப்புக்குப் பரப்பளவு, கன அளவு, பாசனம் எல்லாவற்றையும் ஒரே கல்லில் அடித்துவிடலாம் என்று கணினிக்குள் ஒரு ஊரை உண்டாக்கினார். கட்டம் கட்டமாக அடுக்கி வீடும் வயலும் கட்டுகிற விளையாட்டு அது. ஒரு கட்டம் ஒரு சதுர மீட்டர். நாற்பது கட்டம் ஒரு சென்ட். பிள்ளைகள் உழ வேண்டும், குளம் வெட்ட வேண்டும், எத்தனை கன மீட்டர் மண் எடுத்தோம் என்று நோட்டில் எழுத வேண்டும். பதினைந்து நாளில் கணக்கில் தேறாத பிள்ளைகள் எல்லாம் தேறத் தொடங்கினார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைகால் புரியாமல்தான் இருந்தது.

தேவிப்ரியாவின் நிலம் கிழக்கு மேற்காக நாற்பது கட்டம், வடக்கு தெற்காக முப்பது. கிழக்கே ஆறு. மேற்கே சுபஸ்ரீயின் நிலம். தெற்கே ஒன்றுமில்லை, அங்கே அந்த உலகம் முடிந்துவிடும், அதற்கப்பால் வெறும் நீலம். வடக்கே பதினெட்டாம் நம்பர், பிரவீன்குமார். அவன் தனசேகரனின் ஒரே மகன்.

செல்லமுத்துவின் வீடு ஏரிப் புறம்போக்கில் இருந்தது. அவர் பிறந்ததும் அங்கேதான். பட்டா கேட்டு, தாலுகா அலுவலகத்தில் வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் ஜமாபந்தியில் பதினோரு தடவை மனு கொடுத்தவர். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றாலும், 'மேற்படி', 'அனுபவ பாத்தியம்', 'நான்கெல்லை' என்ற சொற்களைத் தடுமாறாமல் சொல்லுவார். அப்படிப்பட்டவருக்கு மகள் வழியாக ஒரு நிலம் வந்தால் அதை விளையாட்டு என்று எப்படி விடுவார்? தினமும் கேட்டார். இன்றைக்கு என்ன செய்தாய், மடை எங்கே வைத்தாய், ஓரத்தில் வாழை வை, மரம் வைத்தால்தான் நாளைக்கு அனுபவத்தில் இருந்தோம் என்று நிரூபிக்க முடியும். தேவிப்ரியாவும் வாழை வைத்தாள். நடுவில் கரும்பு.

பெற்றோர் கூட்டத்தன்று அவர் முதல் வேலையாகக் கணினி அறைக்குப் போனார். செருப்பை வாசலில் விட்டார். திரையில் தன் நிலத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற இளஞ்செழியன் கைகளைத் தேய்த்துக்கொண்டு, "எப்படிங்க இருக்கு?" என்றார்.

"கரும்பு நெருக்கமா நட்டிருக்குது சார். பார் வரிசைக்கு நடுவுல இடைவெளி கம்மி" என்றார் செல்லமுத்து.

ஜனவரி மாதம் பொங்கல் விடுமுறை முடிந்து தேவிப்ரியா கட்டத்தை எண்ணிப் பார்த்தாள். ஆயிரத்து இருநூறு இருக்க வேண்டிய இடத்தில் ஆயிரத்து எண்பது இருந்தது. மறுபடியும் எண்ணினாள். நாற்பது பெருக்கல் இருபத்தேழு. வடக்கு வரப்பு மூன்று கட்டம் தெற்கே நகர்ந்திருந்தது.

பிரவீன்குமாரை இதில் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. அவன் வீட்டில் கண்டதைச் செய்தான். உழும்போதெல்லாம் பக்கத்து வரப்பில் நாலு விரல் சீவிக்கொண்டு உழ வேண்டும். இது அவன் தாத்தாவும் அப்பாவும் செய்தது, எதிர்க் கழனிக்காரனும் இந்தப் பக்கம் செய்வது, ஊரில் யாரும் தப்பென்று நினைக்காதது. வரப்பு என்றால் சீவுவதற்குத்தான் என்றே பையன் நினைத்திருந்தான். ஒவ்வொரு உழவுக்கும் ஒரு வரிசை சீவினான். பதில் சீவல் எதுவும் இந்தப் பக்கத்திலிருந்து வராதது அவனுக்கே ஆச்சரியம். நிலமே இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு அந்த வழக்கம் எங்கே தெரியும்?

இளஞ்செழியனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "பாரும்மா, பரப்பளவு கணக்கு எங்க வந்து உதவுது பாரு! மூணு சென்ட் போயிருக்குன்னு நீயே கண்டுபிடிச்சுட்ட!" என்று பத்து மதிப்பெண்ணும் போட்டார்.

அந்தப் பத்து மதிப்பெண்ணைச் செல்லமுத்து ஏற்கவில்லை. "மார்க்க வெச்சிக்கினு இன்னா பண்றது? மூணு சென்ட் எங்க?" மறுநாள் காலையில் வெட்டரிவாளோடு கழனிக்குப் போனவர், வெட்டத் தொடங்காமல் நேரே தனசேகரன் எதிரில் போய் நின்றார்.

"ஐயா, ஒரு விசயம். தம்பி நம்ம நெலத்துல மூணு சென்ட் சேத்துக்கிச்சு."

தனசேகரன் டீ குடித்துக்கொண்டிருந்தார். "உனக்கு ஏதுய்யா நெலம்?"

"பள்ளிக்கூடத்துல. ஆத்தோரம்."

விவரம் கேட்டதும் தனசேகரன் சிரித்தார். வெட்டுக்கு வந்திருந்த பழனி சிரித்தான். டிராக்டர் ஓட்டுகிறவனும் இறங்கி வந்து சிரித்தான். சிரித்து முடித்ததும் தனசேகரனுக்கு ஒன்று உறைத்தது. தன் கழனியில் கூலிக்கு வெட்டுகிறவன், நாலு பேர் முன்னால், உன் மகன் என் வரப்பைச் சீவினான் என்கிறான். இப்போது 'சரி, திருப்பித் தரச் சொல்றேன்' என்றால் என்ன அர்த்தம்? இருபது வருஷமாகப் பக்கத்துக் கழனிக்காரர் கண்ணாயிரத்தின் வரப்பைச் சீவியதற்கும் அதே பதில் சொல்ல வேண்டி வரும்.

"எங்க வரப்பு எங்க இருந்துச்சோ அங்கதான் இருக்குது" என்றார். "வேணும்னா அளந்துக்க."

அளந்தார்கள். சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில். தலைமையாசிரியை சாலம்மாள் வேண்டாம் என்றுதான் சொன்னார். அவர் வெள்ளிமலைக்காரர். மலையிலிருந்து இறங்கிப் படித்து வந்தவர். கீழ்நாட்டுக்காரர்கள் வரப்புக்காக எவ்வளவு தூரம் போவார்கள் என்பதை இருபத்திரண்டு வருஷப் பணியில் பார்த்திருக்கிறார். ஆனால் இரண்டு பக்கத்திலும் ஆள் சேர்ந்துவிட்டது. ஓய்வு பெற்ற தலையாரி கண்ணாயிரம், துணிப்பையில் நிலம் அளக்கும் சங்கிலி எடுத்து வந்திருந்தார்.

இளஞ்செழியன் நிலத்தைச் சுவரில் படமாக விழ வைத்தார். எல்லோருக்கும் தெரியட்டும் என்ற நல்ல எண்ணம்.

"சார், கட்டத்த எண்ணினா போதும்" என்றாள் தேவிப்ரியா.

"நீ சும்மா இரு பாப்பா. எண்றது வேற, அளக்கறது வேற" என்றார் கண்ணாயிரம். சங்கிலி சுவருக்குப் பெரிதாக இருந்ததால் தையல் டேப் வரவழைக்கப்பட்டது. சுவரில் வைத்து ஒரு முனையைச் செல்லமுத்து பிடித்தார், மறு முனையைப் பழனி பிடித்தான். வடக்கு தெற்கு ஐம்பத்து நாலு அங்குலம். தாளில் எழுதிக்கொண்டார்கள்.

பின்வரிசையில் யாரோ தெரியவில்லை என்றார்கள். இளஞ்செழியன் படம் காட்டும் கருவியை இரண்டடி பின்னுக்கு இழுத்தார். நிலம் ஜன்னல் வரை வளர்ந்தது.

"யோவ்! யோவ்!" என்று எழுந்துவிட்டார் தனசேகரன். "அளந்துகினு இருக்கும்போதே வளத்துறாருய்யா! வாத்தியாரு அவங்க பக்கம்!"

"உங்க நெலமும் சேந்துதாங்க வளருது" என்றார் இளஞ்செழியன்.

தனசேகரன் திரும்பிப் பார்த்தார். உண்மைதான். பதினெட்டாம் நம்பர் கூரை வரை ஏறியிருந்தது. அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்படின்னா அத அப்படியே வுடு. எங்களுத மட்டும் அப்படியே வுடு."

கண்ணாயிரம் டேப்பைச் சுருட்டினார். "நாப்பது வருசம் அளந்துருக்கேன். அளக்கும்போது பெரிசாவற நெலத்த நான் பார்த்ததில்ல. இது கோர்ட்டுலதான் தீரும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

திருக்கோவிலூரில் வக்கீல் சிவசங்கர் பாகப் பிரிவினை வழக்குகளில் சலித்துப் போயிருந்தார். தனசேகரன் சொன்னதைக் கேட்டு நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். பத்து நாளில் செல்லமுத்துவுக்கும் பள்ளிக்கும் விளையாட்டை நடத்துகிற கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் வந்தது. மைனர் பிரவீன்குமாருக்காக அவன் தகப்பனாரும் இயற்கைக் காப்பாளருமான தனசேகரன் அனுப்பியது; வரப்பு இருக்கிற இடத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்றது. தாவாச் சொத்து, அதாவது தகராறில் உள்ள நிலத்தின் விவரம், தனியாக இருந்தது. பதிவு மாவட்டம், சார்பதிவகம் என்ற இடங்களில் கோடு போட்டிருந்தார்கள். நான்கெல்லை மட்டும் முறைப்படி இருந்தது.

தேவிப்ரியா வாசித்தாள். "வடக்கில் எமது கட்சிக்காரர் நிலத்துக்கும், கிழக்கில் ஆற்றுக்கும், மேற்கில் மைனர் சுபஸ்ரீ நிலத்துக்கும், தெற்கில் உலகத்தின் முடிவுக்கும் உட்பட்ட..."

"தெற்கால இன்னா?" என்றாள் சின்னப்பொண்ணு.

"உலகத்தின் முடிவு."

"நல்ல எடமாப் பாத்துதான் வாங்கிக்கிற" என்று கணவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவள் உலை வைக்கப் போனாள். செல்லமுத்து நோட்டீசை வாங்கி நாலாக மடித்துப் பதினோரு மனு நகல்களோடு வைத்தார். பயம் இருந்தது. ஆனால் அவர் பெயருக்கு நிலத் தகராறில் ஒரு நோட்டீஸ் வந்தது அதுதான் முதல் தடவை. நிலம் இருக்கிறவனுக்குத்தானே வரும்? அன்று அவர் ஒரு கவளம் ஜாஸ்தியாகச் சாப்பிட்டார்.

மார்ச் மாதம் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. ஆறு பக்கம், ஆங்கிலம். சாலம்மாள் இரண்டு வீட்டாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். வக்கீலும் வந்தார். இளஞ்செழியன் தமிழில் சொல்லச் சொல்ல எல்லோரும் கேட்டார்கள்.

"இதுக்குள்ள நீங்க கட்றது, நடறது எதுவும் உங்களுக்குச் சொந்தமில்லையாம். பயன்படுத்திக்க அனுமதி மட்டும்தான் குடுத்திருக்காங்களாம். சொல்லாம கொள்ளாம எப்ப வேணும்னாலும் எடுத்துக்குவாங்களாம். இதுக்கெல்லாம் நாம முதல் நாளே சம்மதிச்சிருக்கோமாம்."

"யாரு சம்மதிச்சது?" என்றார் தனசேகரன்.

இளஞ்செழியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான்தான். சம்மதம்னு ஒரு எடத்துல அழுத்தினா உள்ள போகும். அழுத்தினேன்."

"படிச்சிப் பாத்தியா?"

"அது... யாரும் படிக்க மாட்டாங்க சார்."

"நாப்பது குடும்பத்துக்கும் சேத்து ஒருத்தனே கைநாட்டு வெச்சிட்டான்" என்றார் தனசேகரன் வக்கீலைப் பார்த்து. "எம்.எஸ்.சி. படிச்சவன்."

செல்லமுத்து கம்பெனி சொன்னதை மெல்ல மென்று பார்த்தார். இருக்கலாம், பயிர் வைக்கலாம், சொந்தமில்லை, எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லுவார்கள். அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. இது அவருக்குப் பிறந்த நாள் முதலாகத் தெரிந்த சங்கதி.

"அப்ப புறம்போக்கு" என்றார்.

சிவசங்கர் அவரை மரியாதையோடு பார்த்தார். "சட்டப்படி கிட்டத்தட்ட அதேதான்."

"ரெண்டு பேருதுமா?"

"ரெண்டு பேருதும்."

அறையில் ஒரு மாற்றம் ஏற்பட்டது. அதுவரை கால்மேல் கால் போட்டிருந்த தனசேகரன் காலைக் கீழே இறக்கினார். ஏழு ஏக்கர் பட்டா நிலம், கிணறு, பம்புசெட்டு உள்ளவர். அவர் மகன் ஆக்கிரமிப்பாளன். அதுவும் செல்லமுத்துவின் பக்கத்து ஆக்கிரமிப்பாளன்.

"எங்க பரம்பரையில எவனும் புறம்போக்குல ஒரு குச்சி நட்டதில்ல" என்று எழுந்தார். "டேய், வாடா. விட்டுட்டு வா. அந்த மூணு சென்ட்டும் வேணாம், முப்பது சென்ட்டும் வேணாம்."

"ப்பா, மாட்டுக் கொட்டாய் கட்டியிருக்கேன்ப்பா" என்றான் பிரவீன்குமார். அவன் கண் கலங்கிவிட்டது. "எட்டு மாடு நிக்குதுப்பா."

"வூட்ல நாலு மாடு நிக்குது. அதுக்குத் தண்ணி காட்ட ஆளக் காணோம். நட!"

பையன் போய்விட்டான். மூன்று சென்ட் திரும்பி வந்தது. எட்டு மாட்டையும் தேவிப்ரியா கூப்பிட்டுத் தன் பக்கம் கட்டிவைத்துப் புல் போட்டாள். பிரவீன்குமார் வகுப்பில் ஜாடையாகக் கேட்கும்போதெல்லாம் மாடுகள் நலமாக இருப்பதாகச் சொன்னாள். சாலம்மாள் அன்று எல்லோரும் போன பிறகு செல்லமுத்துவிடம், "பட்டா இல்லாத நெலத்துலதாங்க நானும் பொறந்து வளந்தேன். மலையில எங்க வூட்டுக்கு எங்க அப்பா சாவற வரைக்கும் காயிதம் வரல" என்றார். செல்லமுத்து, "மனு குடுத்தீங்களா டீச்சர்?" என்று கேட்டார். அவருக்கு எல்லாத் துக்கத்துக்கும் அதுதான் முதல் கேள்வி.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஏப்ரல் கடைசியில் இளஞ்செழியன் வகுப்பில் ஒரு செய்தி சொன்னார். ஜூனில் புது ஒன்பதாம் வகுப்பு வரும். ஒரு ஊர் வைத்துக்கொள்ளத்தான் கம்பெனி இடம் தந்திருக்கிறது. ஆகவே இந்த ஊரை அழித்துவிட்டு, வெறும் தரையாக்கி, புதிதாகச் சீட்டுக் குலுக்க வேண்டும்.

தேவிப்ரியா வீட்டுக்கு வந்து சோறு தின்னவில்லை. "கரும்பு வெட்டுக்கு வந்துருச்சுப்பா. வாழை தார் போட்டுருக்குது. எல்லாத்தையும் ஒரே அழுத்துல அழிச்சிடுவாராம்."

செல்லமுத்து மறுநாள் பள்ளிக்கு வந்து நின்றார். இளஞ்செழியன் பொறுமையாகச் சொன்னார். பாடம் முடிந்தது, மதிப்பெண் போட்டாயிற்று, கரும்பலகையில் எழுதியதை அழிப்பதுபோல்தான் இதுவும். அடுத்து வருகிற பிள்ளைகளும் கற்க வேண்டாமா?

"பலகை உங்களுது சார், அழிச்சிக்கோங்க. நோட்டு எம்பொண்ணுது. அத அழிப்பீங்களா?"

இந்தப் பேச்சு ஜன்னல் வழியாக வெளியே போனதுதான் வம்பு. அன்று மத்தியானமே சுபஸ்ரீ தலைமையாசிரியை அறைக்கு வந்து, கண்ணாடி அலமாரியில் இருக்கும் எரிமலைப் பொம்மை தன்னுடையது, ஆறாம் வகுப்பில் தான் செய்தது, திருப்பித் தர வேண்டும் என்றாள். பின்னாலேயே ஒரு பையன் வந்தான். அறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் மயில் படம் அவன் வரைந்தது, அதற்கு நான்கு பக்கமும் ஆணி அடித்திருப்பது ஆக்கிரமிப்பு. வாரக் கடைசிக்குள் பிள்ளைகள் சார்ட்டு, களிமண் பிள்ளையார், பரீட்சைத் தாள் எல்லாவற்றுக்கும் உரிமை கொண்டாடத் தொடங்கினார்கள். பழைய சார்ட்டுகளை வீட்டு அலமாரித் தட்டுக்கு விரித்திருந்த ஆசிரியர்கள் இரண்டு நாள் தலை நிமிரவில்லை.

செல்லமுத்துவுக்கு இதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. அவர் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். புறம்போக்கை யாராவது காலி செய்ய வந்தால் என்ன செய்ய வேண்டும்? ஜமாபந்தியில் மனு கொடுக்க வேண்டும். மனு நிலுவையில் இருக்கும்வரை யாரும் கை வைக்கத் தயங்குவார்கள். பதினோரு வருஷமாக அவர் வீடு நிற்பது அப்படித்தான்.

தாலுகா அலுவலகப் பந்தலில் மனு எழுதித் தருகிறவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "சர்வே நம்பர்?" என்றார்.

"பதினேழு."

"உட்பிரிவு?"

"இல்ல."

"பயிர்?"

"கரும்பு, வாழை. எட்டு மாடு நிக்குது, அது அடுத்தவங்களுது, எழுதாதீங்க."

இளஞ்செழியன் எடுத்துக் கொடுத்திருந்த வண்ணப் படத்தையும் பின்னால் வைத்துத் தைத்தார்கள். முழுவதையும் நின்று ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார் செல்லமுத்து. அதில் ஒரு பொய்யும் இல்லை. வரிசையில் மூன்று மணி நேரம் நின்று கொடுத்தார். ஒப்புகைச் சீட்டில் எண் போட்டுக் கொடுத்தார்கள்.

மனுக்கள் மூட்டை மூட்டையாகக் குவிகிற காலம். ஜூன் முதல் வாரத்துக்குள் எல்லாவற்றுக்கும் பதில் எழுதியாக வேண்டும் என்று மேலிருந்து நெருக்கடி. எந்த நாற்காலியில் உட்கார்ந்து எவர் எழுதினாரோ, செல்லமுத்துவுக்கு ஒரு பதில் வந்தது; அதன் நகல் பள்ளிக்கும் வந்தது. சாலம்மாள் அதை மூன்று முறை படித்துவிட்டு இளஞ்செழியனிடம் நீட்டினார்.

'மனுவில் கண்ட இடம் நேரில் பார்வையிடப்பட்டது. மனுதாரர் மேற்படி இடத்தில் கரும்பு, வாழை பயிரிட்டு அனுபவித்து வருவது அக்கம்பக்கத்தாரை விசாரித்ததில் உண்மை எனத் தெரியவருகிறது. தெற்கு எல்லை குறித்துத் தெளிவுரை தேவைப்படுவதால், அது பெறப்படும் வரை தற்போதைய நிலையே தொடரலாம்.'

"எப்படி மேடம் நேர்ல பாத்தாங்க?" என்றார் இளஞ்செழியன். "பாஸ்வேர்டு எங்கிட்டதான இருக்கு?"

"அத நாம கேக்க முடியாது. அரசாங்கக் கையெழுத்து. தற்போதைய நிலை தொடரணும்னா தொடரணும். உலகத்தோட முடிவு எங்கன்னு அவங்க கடிதம் போடற வரைக்கும் நீங்க எந்த பட்டனையும் அழுத்தாதீங்க."

நிலம் பிழைத்தது. ஒரு நிலம் பிழைத்தால் ஊரே பிழைத்ததாக அர்த்தம், தனியாக ஒன்றை விட்டு அழிக்க முடியாது. அன்று செல்லமுத்து வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை சும்மா நடந்து போய்விட்டு வந்தார். தனசேகரன் வீட்டு வாசலில் கொஞ்சம் மெதுவாக நடந்தார்.

ஜூனில் புது ஒன்பதாம் வகுப்பு வந்தது. முப்பத்தாறு பிள்ளைகள். அவர்களுக்கு ஒரு சென்ட் கூட இல்லை. பிரவீன்குமார் விட்டுப்போனது உட்பட நாற்பது மனையும் பத்தாம் வகுப்பின் பெயரிலேயே இருந்தது. புதுப் பிள்ளைகள் ஆற்றங்கரையில் கும்பலாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். சிலர் பெரிய பிள்ளைகளின் வயலில் களை பிடுங்கிக் கொடுத்தார்கள். பரப்பளவு கணக்கு அவர்களுக்கு மறுபடியும் கரும்பலகைக்கே போய்விட்டது.

இளஞ்செழியன் வீடு வீடாகப் போனார். பத்தாம் வகுப்புப் பெற்றோரிடம் பாதி நிலத்தைச் சின்னப் பிள்ளைகளுக்கு விட்டுத் தரும்படி ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்டார். ஏரிக்கரைக்கு வந்தபோது செல்லமுத்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

படிவத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இங்க இன்னா போட்டிருக்குது சார்?"

"நில உரிமையாளர் கையொப்பம்."

"திருப்பிப் படிங்க."

"நில உரிமையாளர் கையொப்பம்ங்க."

செல்லமுத்து தாளை மடியில் வைத்துக்கொண்டார். "பாக்கலாம் சார். ஆளுங்கள ஒரு வார்த்த கேக்கணும். வெட்டு முடியட்டும். நீங்க அடுத்த வாரம் வாங்களேன்."

சின்னப்பொண்ணு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கேட்டீங்களா சார்? அப்படியே தனசேகரன் ஐயா கொரலு. தோள்ல துண்டு ஒண்ணுதான் கொறச்சல்."

"சும்மா இருடி. நெலம்னா சும்மாவா? இன்னிக்குப் பாதின்னுவாங்க, நாளைக்கு முழுசுன்னுவாங்க. மனு குடுத்தவன் நானு. ஆபீசுலயே எழுதியிருக்கான், மனுதாரர் அனுபவத்துல இருக்காருன்னு."

உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த தேவிப்ரியா தலையைத் தூக்கவில்லை. "ப்பா, ஒம்பதாவதுக்கு வந்துருக்குற அய்யப்பன் மாமா பொண்ணு மூணு நாளா அங்க உழுதுகினு இருக்குது. ஆத்தோரம் பாதிய குடுத்துட்டேன்."

செல்லமுத்து எழுந்தேவிட்டார். "யாரக் கேட்டு?"

"எங்கிட்டதான் கேட்டுது."

"எங்கிட்டக் கேக்க வேணாமா?"

"சீட்டு எனக்குத்தானப்பா விழுந்துது? நட்டதும் நான்தான். நீ ஒரு கட்டம் கூட வெச்சதில்ல."

இளஞ்செழியன் பக்கத்து வேலியை உற்றுப் பார்க்கத் தொடங்கினார். சின்னப்பொண்ணு சிரிப்பதை நிறுத்திக் கணவரைப் பார்த்தாள். செல்லமுத்து நின்றுகொண்டே இருந்தார். நோட்டீஸ் வந்தது அவருக்கு, அளக்க டேப் பிடித்தது அவர், பந்தலில் கால் கடுக்க நின்றது அவர். பிள்ளை சொல்வதிலும் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்தார். படிவத்தை மகள் பக்கம் நீட்டினார்.

"நீயே போட்டுக் குடு."

அவள் போட்டுக் கொடுத்தாள். இளஞ்செழியன் நன்றி சொல்லி, இரவல் வாங்கி வந்த வண்டியைக் கிளப்பினார். அது முக்குத் திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டுச் செல்லமுத்து கேட்டார்.

"அந்தப் புள்ள இன்னா போட்டுருக்குது?"

"கேவுரு."

"ஆத்தோரத்துலயா?"

"ம்."

"ஆத்தோரத்துல எவனாவது கேவுரு போடுவானா? தண்ணி ஏறுனா அழுவிப் போவாது?" அவர் மறுபடியும் எழுந்து சட்டையை மாட்டினார். "அய்யப்பன் வூட்லதான் இருப்பான். போய் ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடறேன்."